எங்க ஊர்ல எத்தனை பேரு? சொந்த ஊர் மக்கள்தொகை பற்றிக் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். சாதிச் சான்றிதழ், பட்டா நகல், ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது என்று ஆன்லைன் வேலையும் பார்ப்பதுண்டு. வடசென்னையில் யாரைக் கேட்டாலும் பின்னால் ஒரு ஊர் இருக்கும். மளிகைக்கடை அண்ணாச்சிக்குத் தென்காசிப் பக்கம். செங்குன்றம் செங்கல் சூளைக்கு வந்தவருக்குத் திருவண்ணாமலைப் பக்கம். வியாசர்பாடி, புளியந்தோப்புக்காரர்கள் பலருக்குச் செய்யாறு, மதுராந்தகம் பக்கம். அதனால் "எங்க ஊர் ஜனத்தொகையப் பாத்து ஒரு பிரிண்ட் எடுத்துக் குடுங்க" என்ற கோரிக்கை அடிக்கடி வரும். கல்லூரி ப்ராஜெக்ட், கும்பாபிஷேக மலர், பஸ் விடச் சொல்லி மனு, சும்மா ஆசை என்று காரணம் எதுவாகவும் இருக்கும். ஒவ்வொருவரிடமும் ஒரே விளக்கத்தைச் சொல்லி வாய் வலித்ததால் எழுதிவைத்துவிட்டேன்.

எங்க ஊர்ல இப்ப எத்தனை பேர் இருக்காங்க?

2011 கணக்கைச் சொல்லலாம். இன்றைய கணக்கை யாராலும் சொல்ல முடியாது. கடைசியாக முடிந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2011இல் நடந்தது. அந்த ஆண்டு மார்ச் 1ஆம் தேதி பிறந்த நள்ளிரவில் யார் யார் உயிரோடு இருந்தார்களோ அவர்கள்தான் கணக்கு. 2021இல் வந்திருக்க வேண்டியது கொரோனாவால் தள்ளிப்போனது.

இணையத்தில் "2025 மக்கள்தொகை" என்று உங்கள் ஊருக்கு ஒரு எண் போட்டிருப்பார்கள். பெரும்பாலும் அது 2011 எண்ணை ஏதோ ஒரு வளர்ச்சி வீதத்தால் பெருக்கியது. 2001இலிருந்து 2011க்குள் தமிழ்நாடு மொத்தம் 15.6 விழுக்காடு வளர்ந்தது உண்மைதான். ஆனால் அந்த வளர்ச்சியில் ஒரு பெரும் பங்கு நகரங்களில் சேர்ந்தது, உங்களைப் போல ஊரைவிட்டு வந்தவர்களும் அதில் அடக்கம். நீங்கள் கிளம்பி வந்த ஊரும் அதே வேகத்தில் வளர்ந்தது என்று பெருக்கினால் கணக்கு எங்கே போய் நிற்கும்?

எங்கே பார்ப்பது?

சென்சஸ் இணையதளத்தில் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் 'மாவட்டக் கணக்கெடுப்புக் கையேடு' இருக்கிறது. இலவசம்தான். இரண்டு பாகம். முதல் பாகத்தில் ஊரில் பள்ளிக்கூடம் உண்டா, ஆஸ்பத்திரி எத்தனை கிலோமீட்டர், பஸ் வருமா என்ற வசதிகள். இரண்டாம் பாகத்தில் ஊர்வாரியாக ஆட்கணக்கு: குடும்பங்கள், ஆண், பெண், 6 வயது வரையுள்ள குழந்தைகள், எழுத்தறிந்தவர்கள், எஸ்.சி., எஸ்.டி., விவசாயிகள், விவசாயக் கூலிகள், மற்ற வேலை செய்பவர்கள். பஸ் கேட்டு மனு எழுத வந்தவர்களுக்கு நான் முதலில் முதல் பாகத்தைத்தான் எடுத்துக் கொடுப்பேன். அரசாங்கமே எழுதிவைத்த தூரத்தை அரசாங்கத்திடமே காட்டுவதில் ஒரு வசதி உண்டு.

எங்க ஊர் பெயரே பட்டியல்ல இல்லையே?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். சிலருக்கு முகமே வாடிப்போகும். "அப்ப எங்க ஊர் இல்லையா சார்?" இருக்கிறது. ஆனால் நீங்கள் ஊர் என்று சொல்வதும் சென்சஸ் கிராமம் என்று சொல்வதும் ஒன்றல்ல.

சென்சஸ் எண்ணுவது வருவாய் கிராமத்தை. அளந்து எல்லை போட்டு, சர்வே எண் கொடுத்து, பட்டாவில் 'கிராமம்' என்ற இடத்தில் எழுதியிருக்குமே, அது. அந்த எல்லைக்குள் நாலைந்து குடியிருப்புகள் இருக்கலாம். ஒன்று பெரிய ஊர், ஒன்று காலனி, ஒன்று ஏரிக்கரை மேல் புதிதாக வந்தது, இன்னொன்று யாரோ ஒருவர் தோட்டத்தைச் சுற்றி வளர்ந்தது. ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு கோயில். கணக்கில் எல்லாம் ஒரே வரி.

தமிழ்நாட்டில் வருவாய் கிராமங்கள் ஏறக்குறைய 16,000. ஊரக வளர்ச்சித் துறை 2011 வாக்கில் சொன்ன குக்கிராமங்களின் எண்ணிக்கை 79,394. வகுத்துப் பாருங்கள், ஒரு வரிக்குள் சராசரியாக ஐந்து ஊர் அடங்கிக் கிடக்கிறது. ஊராட்சி என்பது மூன்றாவது கணக்கு, அப்போது பன்னிரண்டாயிரத்து ஐந்நூறுக்குச் சற்று மேல். ஒரு ஊராட்சிக்குள் இரண்டு வருவாய் கிராமம் இருக்கலாம். பெரிய வருவாய் கிராமம் ஒன்று இரண்டு ஊராட்சியாகப் பிரிந்தும் இருக்கலாம்.

அதனால் உங்கள் வீட்டுப் பழைய பட்டாவையோ பத்திரத்தையோ எடுத்து அதில் என்ன கிராமம் என்று பாருங்கள். அந்தப் பெயரில் தேடினால் கிடைக்கும். பத்திரம் இல்லாதவர்கள் ஊரில் யாருக்காவது போன் போட்டு "விஏஓ ஆபீஸ் போர்டுல என்ன பேர் போட்டிருக்கு?" என்று கேட்டால் போதும். ஒரு விஏஓ இரண்டு மூன்று கிராமம் பார்ப்பதும் உண்டு, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாவட்டத்தையே காணோமே?

2011இல் தமிழ்நாட்டில் 32 மாவட்டம், இப்போது 38. அண்ணாச்சி தென்காசி மாவட்டம் என்று தேடிவிட்டு இல்லை என்றார். அவர் ஊர் திருநெல்வேலி கையேட்டில் இருந்தது. கள்ளக்குறிச்சிக்காரர்கள் விழுப்புரத்திலும், ராணிப்பேட்டை, திருப்பத்தூர்க்காரர்கள் வேலூரிலும், இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர்கள் காஞ்சிபுரத்திலும், மயிலாடுதுறைக்காரர்கள் நாகப்பட்டினத்திலும் தேடுங்கள். தடா, சூலூர்பேட்டைப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் ஆந்திரத்தின் நெல்லூர் மாவட்டத்தில் பார்க்க வேண்டும். திருப்பதி என்ற மாவட்டம் 2022இல்தான் வந்தது.

ஒரே பெயரில் ஏழெட்டு ஊர் வருகிறதே, எது எங்களுடையது?

தாலுகாவை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். புதூர், நல்லூர், புதுப்பட்டி, மேட்டுப்பாளையம் எல்லாம் தடுக்கி விழுந்தால் ஒன்று இருக்கும். இதில் நானே ஒரு முறை மாட்டிக்கொண்டேன். கோயில் மலருக்காக ஒருவர் கேட்க, அவசரத்தில் வேறொரு தாலுகாவின் புதூர் கணக்கை எடுத்துக் கொடுத்துவிட்டேன். மலர் அச்சாகி ஊருக்கே போய்விட்டது. மலைப் பக்கமே எட்டிப்பார்க்காத அந்த ஊரில் பாதிப்பேர் பழங்குடியினர் என்று போட்டிருந்தால் சும்மா விடுவார்களா? அதற்குப் பிறகு ஊர் பெயரோடு பக்கத்து ஊர் பெயர் ஒன்றையும் கேட்டுக்கொள்கிறேன். சென்சஸ் ஒவ்வொரு கிராமத்துக்கும் ஆறு இலக்க எண் கொடுத்திருக்கிறது. ஒரு முறை சரியான வரியைப் பிடித்துவிட்டால் அந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

எங்க ஊர் மொத்தமே இருநூறு வீடு. கணக்கில் ஐந்நூறு குடும்பம் என்று இருக்கிறதே, தப்பா?

இப்படிக் கேட்டவரிடம் "காலனியையும் சேத்துச் சொல்றீங்களா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "அது தனி சார்" என்றார்.

கணக்கில் அது தனி இல்லை. ஊர் வேறு, காலனி வேறு என்பது நம் வாயில் இருக்கும் பழக்கம். தேர்த் தெருவிலிருந்து அரைக் கிலோமீட்டர் தள்ளி, பெரும்பாலும் வயலுக்கு அந்தப் பக்கம், சுடுகாட்டுக்குப் போகும் வழியில் இருக்கும் அந்தத் தெருக்களும் அதே வருவாய் கிராமம்தான். "எங்க ஊர்ல இத்தனை தலைக்கட்டு" (ஊர் வரி கொடுக்கும் குடும்பம்) என்று ஊர்க்காரர் சொல்லும் எண்ணில் அவர்கள் இருப்பதில்லை. அரசாங்க அட்டவணையில் மொத்தத்திலும் இருக்கிறார்கள், எஸ்.சி. என்ற பத்தியிலும் இருக்கிறார்கள். வியாசர்பாடிப் பக்கமிருந்து வரும் பெரியவர்கள் சிலர் அந்தப் பத்தியை மட்டும் விரல் வைத்துப் பார்ப்பார்கள். ஒருவர் தன் ஊரில் 1,900 பேரில் 1,000 பேருக்கு மேல் அந்தப் பத்தியில் இருப்பதைப் பார்த்துவிட்டு, "பாதிக்கு மேல நாங்கதானா? இது தெரியாமலே வந்துட்டோமே" என்று சிரித்தார். அவருக்கு மட்டும் பிரிண்டுக்குக் காசு வாங்கவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. சென்சஸில் குடும்பம் என்பது ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள். ஒரு வீட்டில் அண்ணனும் தம்பியும் தனித்தனி அடுப்பு வைத்தால் இரண்டு குடும்பம். ஆகவே வீட்டை எண்ணி வைத்துக்கொண்டு குடும்ப எண்ணிக்கையோடு ஒப்பிடக் கூடாது.

நான் இருப்பது இங்கே, வீடு இருப்பது ஊரில். என்னை எங்கே எண்ணியிருப்பார்கள்?

இங்கேதான். 2011இல் பிப்ரவரி 9 முதல் 28 வரை வீடு வீடாக வந்தார்கள். அந்த இருபது நாளும் நீங்கள் வழக்கமாகத் தங்கும் இடம் எதுவோ அங்கே பதிவு. நடுவில் இரண்டு நாள் வெளியூர் போனால் பரவாயில்லை, வீட்டுக்காரர்கள் சொன்னால் எழுதிக்கொள்வார்கள். ஆனால் இருபது நாளும் ஊரில் இல்லாதவரை ஊர்க் கணக்கில் எழுதக் கூடாது. ஊரில் நிலம், ரேஷன் கார்டு, ஓட்டு எல்லாம் இருந்தாலும் கூடாது. ஹாஸ்டலில் இருக்கும் பிள்ளைக்கு ஹாஸ்டலில் எண்ணிக்கை. வால்டாக்ஸ் ரோடு போன்ற இடங்களில் நடைபாதையில் படுத்திருப்பவர்களைப் பிப்ரவரி 28 இரவு ஒரே மூச்சில் எண்ணினார்கள்.

பிப்ரவரி என்பதைக் கவனியுங்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போன எல்லோரும் திரும்பி வந்துவிட்டிருப்பார்கள். செங்கல் சூளை சீசன் உச்சத்தில் இருக்கும். செங்குன்றம், பெரியபாளையம், ஊத்துக்கோட்டைப் பக்கத்துச் சூளைகளில் விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டக் குடும்பங்கள் குழந்தை குட்டியோடு வந்து தங்கியிருப்பார்கள், ஒடிசாவிலிருந்தும் வந்திருப்பார்கள். விதிப்படி அவர்கள் எல்லோரும் திருவள்ளூர் மாவட்டக் கணக்கு. ஊரில் கிழவர்களும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளும் மட்டும் எண்ணப்பட்டிருப்பார்கள். மழைக்காலத்தில் அதே ஊருக்குப் போனால் வேறு எண் வரும். "ஊர் சுருங்கிப் போச்சு" என்று யாராவது சொன்னால், எந்த மாதத்தில் எண்ணினார்கள் என்று கேளுங்கள்.

எழுத்தறிவு விகிதம் ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு மாதிரி இருக்கிறதே?

ப்ராஜெக்ட் பிள்ளைகள் எல்லோரும் தடுக்கி விழும் இடம். ஒரு பேச்சுக்கு ஊரில் 1,240 பேர் என்று வைத்துக்கொள்வோம். எழுத்தறிந்தவர்கள் 812. உடனே 812ஐ 1,240ஆல் வகுத்து 65.5 விழுக்காடு என்று எழுதிவிடுவார்கள். ஆனால் 7 வயது நிரம்பாத குழந்தைகள் பள்ளிக்கூடம் போனாலும் எழுத்தறியாதவர்களாகத்தான் சென்சஸ் எடுத்துக்கொள்ளும். அதனால் அவர்களைக் கழித்துவிட்டுத்தான் வகுக்க வேண்டும். அந்த ஊரில் அப்படி 130 குழந்தைகள் என்றால் 812ஐ 1,110ஆல் வகுக்கணும், 73.2 வரும். கிட்டத்தட்ட எட்டு புள்ளி வித்தியாசம். ஊர் மானமே போய்விடும்.

பாலின விகிதம் என்பது ஆயிரம் ஆண்களுக்கு எத்தனை பெண்கள் என்பது. 610 ஆண், 630 பெண் என்றால் 1,033. ஆயிரத்துக்கு மேல் வந்தால் பெண் பிறப்பு அதிகம் என்று எழுத வேண்டாம், ஆண்கள் வேலைக்கு வெளியூர் போயிருக்கலாம். குழந்தைகளின் கணக்கைத் தனியாகப் பார்த்தால் தெரிந்துவிடும்.

"சிறிய கிராமம்" என்று எழுத எவ்வளவு பேர் இருக்க வேண்டும்?

அப்படி விதி இல்லை. 2011இல் தமிழ்நாட்டின் கிராமப்புற மக்கள் 3.72 கோடி. 16,000 கிராமத்துக்குப் பங்கிட்டால் ஊருக்குச் சராசரி 2,300 பேர். அதற்குக் கீழே இருந்தால் சின்ன ஊர் என்று தைரியமாக எழுதலாம். விரிவாக்கப்பட்ட சென்னையில் அதே கணக்கெடுப்பின்படி ஏறக்குறைய 67 லட்சம் பேர், 200 வார்டு. ஒரு வார்டுக்குள் பதினாலு கிராமத்தை உட்கார வைக்கலாம். நம் பக்கத்து நெருக்கடியைப் பார்த்தால் உட்காரக்கூட இடம் இருக்காது, நிற்க வைக்கலாம்.

எங்கள் ஊரில் எந்தச் சாதி எவ்வளவு பேர் என்று கிடைக்குமா?

எஸ்.சி., எஸ்.டி. தவிர 2011 கணக்கில் கிடைக்காது. எல்லாச் சாதியையும் எண்ணி வெளியிட்ட கடைசிக் கணக்கு 1931உடையது. 2011இல் தனியாக நடந்த சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பின் சாதி விவரம் வெளிவரவில்லை. அடுத்த கணக்கெடுப்பில் எல்லோரிடமும் சாதி கேட்கப்போகிறார்கள்.

ரேஷன் கார்டை எண்ணினால் போதாதா?

போதாது. வெளியூரில் இருப்பவர்கள் பெயரும் அதில் இருக்கும். வாக்காளர் பட்டியலில் 18 வயதுக்குக் கீழே யாரும் இல்லை.

எங்க ஊர் சடையங்குப்பம். அது கிராமமா, சென்னையா?

இந்தக் கேள்விக்கு நான் டீ வாங்கிக் கொடுத்துத்தான் பதில் சொல்வது. ஏனென்றால் ஊரிலிருந்து சென்னைக்கு வந்தவர்களின் கதை வேறு, இவர்கள் கதை வேறு. இவர்கள் எங்கேயும் போகவில்லை, சென்னைதான் இவர்களிடம் வந்தது.

2011 அக்டோபரில் மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது 42 உள்ளாட்சிகள் சேர்க்கப்பட்டன. அதில் 25 கிராம ஊராட்சிகள். வடக்குப் பக்கம் இடையன்சாவடி, சடையங்குப்பம், கடப்பாக்கம், தீயம்பாக்கம், மாத்தூர், வடபெரும்பாக்கம், சூரப்பட்டு, கதிர்வேடு, புத்தகரம். ஆட்களை எண்ணியது பிப்ரவரியில், ஊரைச் சேர்த்தது அக்டோபரில். ஆகவே 2011 கையேட்டில் இவற்றைச் சென்னையில் தேடினால் கிடைக்காது, திருவள்ளூர் மாவட்டத்தில்தான் பார்க்க வேண்டும். 2018இல்தான் சென்னை மாவட்ட எல்லையும் விரிந்தது. கிராம அட்டவணையில் இல்லையென்றால் நகரங்களின் அட்டவணையையும் புரட்டுங்கள். ஊராட்சியாகவே இருந்தாலும், 5,000 பேருக்குக் குறையாமல், சதுர கிலோமீட்டருக்கு 400 பேராவது இருந்து, ஆண் தொழிலாளர்களில் முக்கால்வாசிப்பேர் விவசாயமல்லாத வேலை பார்த்தால் சென்சஸ் அதை நகரம் என்று எழுதிவிடும்.

அடுத்த கணக்கெடுப்பில் இவை வார்டுகள். ஊர் என்று தனி எண் வராது. பட்டாவில் மட்டும் கிராமப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும். சென்னையானதால் இவர்களுக்குக் கிராம சபையும் போனது, 100 நாள் வேலையும் போனது. கொசஸ்தலை ஆற்றில் தண்ணீர் திறந்துவிட்டால் மட்டும் பழையபடி சடையங்குப்பத்துக்குள்தான் வருகிறது.

எண்ணூர் நெட்டுக்குப்பம், தாழங்குப்பம் எல்லாம் மீனவ கிராமம்தானே? அதற்குக் கணக்கு உண்டா?

ஊர்ப் பஞ்சாயத்து இருக்கிறது, கிராமம் என்றுதான் அவர்களும் சொல்கிறார்கள். சென்சஸுக்கு அவை நகரத்தின் தெருக்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் மீனவர்களை மட்டும் தனியாகக் கணக்கெடுக்கிறது. 2010இல் தமிழ்நாட்டில் 573 கடலோர மீனவ கிராமங்கள், எட்டு லட்சத்துச் சொச்சம் பேர் என்று வந்தது. குப்பத்துக்கு உள்ளே சரியான கணக்கு வேண்டுமென்றால் ஊர் வரி வாங்கும் தலைக்கட்டு நோட்டைக் கேளுங்கள். காட்டுவார்களா என்பது உங்கள் சாமர்த்தியம்.

தாத்தா காலத்தில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று தெரியுமா?

பழைய மாவட்டக் கையேடுகள் சென்சஸ் தளத்திலேயே ஸ்கேன் செய்து போட்டிருக்கிறார்கள். 1961, 1971 வரைக்கும் ஊர்வாரியாகப் போகலாம். 1961இல் சில ஊர்களைத் தேர்ந்தெடுத்து வீட்டுக் கூரையிலிருந்து திருமணச் செலவு வரை எழுதித் தனிப் புத்தகமே போட்டார்கள். உங்கள் ஊர் அதில் இருந்தால் அதிர்ஷ்டம்.

அதற்கு முன்னால் 1916இல், சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தன் மாணவர்களிடம் கேள்வித்தாளைக் கொடுத்து அவரவர் ஊருக்கே கணக்கெடுக்க அனுப்பினார். வடஆற்காட்டுத் தூசி, தென்னாற்காட்டு இருவேல்பட்டு, நெல்லைக் கங்கைகொண்டான் எல்லாம் அதில் வந்தவை. பிற்பாடு வேறு ஆட்கள் அதே ஊர்களுக்குத் திரும்பத் திரும்பப் போயிருக்கிறார்கள். ப்ராஜெக்ட் பிள்ளைகளிடம் இதைச் சொல்வேன், விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது ஒரு நோட்டு எடுத்துப் போ என்று.

இன்னும் பின்னால் போனால், 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற ஆங்கிலேயர், சென்னையைச் சுற்றியிருந்த செங்கல்பட்டு ஜாகீரில் (நவாப் கம்பெனிக்குக் கொடுத்த பகுதி) ஏறக்குறைய 2,000 ஊர்களை அளந்தார். எந்த ஊரில் எத்தனை வீடு, யாருக்கு என்ன மானியம் என்பதெல்லாம் ஓலையில் தமிழில் எழுதியிருக்கிறது. அதைக் கடையில் பிரிண்ட் எடுக்க முடியாது.

ஆளே இல்லாத ஊர் உண்டா?

உண்டு. சில வரிகளில் மக்கள்தொகை சுழியம் என்றே இருக்கும். எல்லை இருக்கும், சர்வே எண் இருக்கும், குடியிருப்பு இருக்காது. அது பெரும்பாலும் காடோ ஏரியோ முழுக்க வயலோ. தூத்துக்குடி மாவட்டம் மீனாட்சிபுரம் வேறு மாதிரி. தண்ணீர் இல்லாமல் ஒவ்வொரு குடும்பமாகக் கிளம்பிப் போய், ஒரு முதியவர் மட்டும் பல ஆண்டு தனியாக இருந்தார். 2024இல் அவரும் இறந்துவிட்டார்.

அடுத்த கணக்கு எப்போது? நான் என்ன செய்ய வேண்டும்?

2025 ஜூனில் வந்த அறிவிப்புப்படி, 2027 மார்ச் 1 பிறக்கும் நள்ளிரவுதான் கணக்கு நேரம். அதற்கு முன் 2026இல் வீடுகளை எண்ணுவது, 2027 பிப்ரவரியில் ஆட்களை எண்ணுவது. இந்த முறை கணக்கெடுக்க வருபவர்கள் தாளில் எழுதாமல் போனிலேயே பதிவு செய்வார்கள், நீங்களே உங்கள் விவரத்தை இணையத்தில் நிரப்பவும் வழி வைத்திருக்கிறார்கள்.

எங்கே இருக்கிறீர்களோ அங்கே ஒரே ஒரு முறை பதிவாகுங்கள். "ஊர்லயும் பேர் குடுத்துடலாமா, இல்லன்னா ஊர்க் கணக்கு குறைஞ்சிடுமே" என்று ஒரு ஊர்ச் சங்கத்துக்காரர் யோசனை கேட்டார். வேண்டாம். சொல்லும் விவரம் வீட்டு ஓனருக்கோ போலீசுக்கோ போகுமோ என்ற பயமும் வேண்டாம். 1948ஆம் ஆண்டுச் சென்சஸ் சட்டப்படி தனிமனிதர் பதிவை யாரும் பார்க்கக் கேட்க முடியாது, கோர்ட்டில் சாட்சியாகவும் வைக்க முடியாது.

பிரிண்டுக்கு எவ்வளவு?

கறுப்பு வெள்ளை, பக்கம் 2 ரூபாய். தேடிக் கொடுப்பதற்குக் காசு கிடையாது. ஊர் பெயரோடு தாலுகா, பக்கத்து ஊர் பெயர் ஒன்று, பழைய பட்டா இருந்தால் அதன் போட்டோ கொண்டு வாருங்கள். மதியம் ஒன்றரையிலிருந்து மூன்று வரை கடை சாத்தியிருக்கும்.